ஏசி போட்டால் ஐட்லிங் ஆடுகிறதா? கேஸ் அடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

ஏசி பட்டனை அழுத்தியதும் வண்டி துடிக்கிறது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. இந்தப் புகாரோடு போகும் வண்டிக்கு ஒர்க்‌ஷாப்பில் வழக்கமாக நடப்பவை மூன்று: த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பகுதி) கிளீனிங், ஸ்பார்க் பிளக் மாற்றம், கேஸ் டாப்-அப். மூன்றுமே ஏதோ ஒரு வண்டிக்குப் பலிக்கும். எந்த வண்டிக்கு எது என்று பார்க்காமல் வரிசையாகச் செய்துகொண்டே போவதில்தான் காசு கரைகிறது. டேஷ்போர்டில் இருக்கும் ஏசி குமிழ்களே இதற்கு முதல் சோதனைக் கருவி. பத்து நிமிடம் போதும், ஒரு ஸ்பேனர்கூட எடுக்க வேண்டாம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் நம் ரோட்டில் ஓடும் சாதாரண பெட்ரோல் கார்களுக்கு. ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இன்ஜின், பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர், அதன் முகப்பில் மேக்னெட்டிக் கிளட்ச் (கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு சேர்த்துப் பிரிக்கும் பகுதி), உள்ளே ஆர்134ஏ கேஸ். கிளட்ச் இல்லாத கம்ப்ரஸரும், இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பால் (வேக்கம்) இயங்கும் பழைய வகையும் பின்னால் வருகின்றன.

எது இயல்பு, எது கோளாறு

ஏசி பட்டனை அழுத்தினால் கிளட்ச் உடனே ஒட்டாது. பட்டனிலிருந்து சிக்னல் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியுவுக்குப் போகும். கேஸ் பிரஷர் சரியாக இருக்கிறதா, கேபின் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் உறைந்திருக்கிறதா, ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதிபட்டிருக்கிறதா என்று அது பார்க்கும். பிறகு த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து காற்றைக் கூட்டும். அதன் பிறகே ஏசி ரிலேவை இழுக்கும். எல்லாம் ஒரு விநாடிக்குள். சிறிய காரின் கம்ப்ரஸர் வெயில் நேரத்தில் இரண்டு மூன்று கிலோவாட் சக்தியை இழுக்கும். ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், நிற்கும் ஆயிரம் சிசி இன்ஜினுக்கு அது சின்னச் சுமை இல்லை. அதனால்தான் இந்த முன்னேற்பாடு.

ஏசி இல்லாமல் 700 முதல் 800 ஆர்பிஎம், ஏசி போட்டதும் 50 முதல் 150 வரை கூடுதல், கிளட்ச் ஒட்டும் கணத்தில் முள் லேசாகத் தாழ்ந்து ஒரு விநாடியில் நிலைக்கு வருவது: இதெல்லாம் இயல்பு. ஏசியை அணைத்ததும் அரை விநாடி ஏறி இறங்குவதும் அப்படியே. முள் 600க்குக் கீழே போய் அங்கேயே திணறினாலோ, விடாமல் ஏறி இறங்கினாலோ, 1200க்குப் போய் அங்கேயே நின்றாலோ கோளாறு.

குமிழ்களை வைத்துப் பிரிப்பது

இன்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கட்டும். கியர் நியூட்ரல், ஹெட்லைட் ஆஃப், ஸ்டியரிங் நேராக. முதலில் எதுவும் போடாமல் ஆர்பிஎம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏசி பட்டனைத் தொடாமல் ப்ளோயரை மட்டும் முழு வேகத்தில் வையுங்கள். கூடவே ஹெட்லைட்டும் பின் கண்ணாடி டீஃபாகரும். ப்ளோயர் மட்டுமே 15 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். எல்லாம் சேர்ந்தால் ஆல்டர்னேட்டர் இன்ஜினிலிருந்து அரைக் கிலோவாட்டுக்கு மேல் பிடுங்கும். இதற்கே ஐட்லிங் சரிந்து மீளவில்லை என்றால் ஏசியைக் குறை சொல்லாதீர்கள். எந்தச் சுமை வந்தாலும் இந்த இன்ஜினால் ஈடுகட்ட முடியவில்லை என்று அர்த்தம். த்ராட்டில், ஐட்லிங் வால்வு, பிளக், பேட்டரி எர்த் இவற்றில்தான் தேட வேண்டும்.

அது தாங்கியது என்றால் எல்லாவற்றையும் அணைத்து, ப்ளோயரை ஒன்றில் வைத்து ஏசி போடுங்கள். பிறகு ப்ளோயரை நான்குக்கு ஏற்றுங்கள். ஒன்றில் நன்றாக இருந்து நான்கில் திணறினால் கம்ப்ரஸர் சுமையின் அளவுதான் பிரச்சினை. ப்ளோயர் வேகம் கூடக் கூட கூலிங் காயிலில் வெப்பம் அதிகம் ஏறும், கேஸ் பிரஷரும் ஏறும். ரீசர்க்குலேஷனை மாற்றிப் பார்ப்பதும் உதவும். வெளிக்காற்றில் திணறி, உள்காற்றுக்கு மாறிய சில நிமிடங்களில் சரியானால் அதே முடிவுதான். கடலோர ஊர்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கவே கம்ப்ரஸருக்குப் பாதி வேலை.

அடுத்தது பலரும் தவறவிடுவது. ஏசி பட்டன் ஆஃப். காற்று வரும் திசையை மட்டும் முகத்திலிருந்து முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஐட்லிங் மாறுகிறதா? நிறைய கார்களில் கண்ணாடிப் பனி நீக்கும் நிலைக்குத் திருப்பினாலே, ஏசி விளக்கு எரியாவிட்டாலும், கம்ப்ரஸர் தானாக ஓடும். ஈரத்தைப் பிரித்த காற்றுதான் கண்ணாடியைத் தெளிவாக்கும் என்பதால் அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். “ஏசியே போடல, ஆனாலும் ஐட்லிங் ஏறி ஏறி இறங்குது” என்று மழைக்காலத்தில் வரும் புகார்களில் ஒரு பங்கு இதுதான், கோளாறே இல்லை. ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் உள்ள வண்டியில் ஆட்டோ பட்டன் போட்டிருந்தாலும் கம்ப்ரஸர் அதன் இஷ்டத்துக்கு வந்து போகும்.

கிளட்ச் சத்தமும் முள்ளும்

ஐட்லிங் ஏறி இறங்கும் வகை என்றால் பானெட்டைத் திறந்து கம்ப்ரஸர் முகப்பைப் பாருங்கள். புல்லி எப்போதும் சுற்றும். அதன் முன்னால் இருக்கும் தட்டு கிளட்ச் ஒட்டும்போது மட்டும் சுற்றும். ‘டக்’ என்று ஒட்டும்போது ஆர்பிஎம் சரிந்து, விடும்போது ஏறுகிறதா? அப்படியானால் இன்ஜின் குற்றவாளி இல்லை. கிளட்ச் ஏன் இத்தனை முறை வந்து போகிறது என்பதே கேள்வி.

சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒட்டி ஒட்டி விட்டால் பெரும்பாலும் கேஸ் குறைவு. கம்ப்ரஸர் ஓடியதும் லோ சைடு (கேஸை உறிஞ்சும் பக்கம்) காலியாகி, பிரஷர் சுமார் 2 பார் அளவுக்குக் கீழே போனால் சுவிட்ச் துண்டிக்கும். நின்றதும் பிரஷர் ஏறும், மறுபடி ஒட்டும். ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஓடி, ஜில்லென்று ஆனபின் விட்டால் அது கூலிங் காயில் தெர்மிஸ்டரின் (வெப்பம் அளக்கும் சென்சார்) வேலை. ஒன்றிரண்டு டிகிரியில் துண்டித்து நாலைந்து டிகிரியில் சேர்க்கும்; இரவு நேரத்தில் இது சகஜம். மத்தியான வெயிலில் முழுப் ப்ளோயரிலும் அடிக்கடி துண்டித்தால் தெர்மிஸ்டர் பொய் சொல்கிறது, இல்லை கேபின் ஃபில்டர் அடைத்துக் காற்றே போகவில்லை. ஃபில்டரை முதலில் உருவிப் பாருங்கள். க்ளோவ் பாக்ஸைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை.

துண்டிப்பதற்கு முன் இன்ஜின் சத்தம் கனத்து, ஆர்பிஎம் படிப்படியாக அமுங்கி, பிறகு ‘டக்’ என்று விட்டு இன்ஜின் மூச்சு விடுவதுபோல் ஏறினால் கதை வேறு. அங்கே ஹை பிரஷர் கட். அந்தச் சுவிட்ச் 30 பாருக்குப் பக்கத்தில் துண்டிக்கும். இன்ஜின் அதுவரை மல்லுக்கட்டியிருக்கிறது.

ஃபேன், கண்டென்சர், அதிகக் கேஸ்

ஓடும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றால் சூடாகி ஐட்லிங்கும் அமுங்கினால், முதல் சந்தேகம் கண்டென்சர் (கேஸின் வெப்பத்தை வெளியே விடும் பகுதி) ஃபேன் மேல். ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். பிரஷர் சென்சார் வைத்த வண்டியில் கொஞ்சம் தாமதமாக ஓடலாம். ஓடுகிறது என்பது மட்டும் போதாது. கார்பன் பிரஷ் தேய்ந்த ஃபேன் மெதுவாகச் சுற்றும், பார்வைக்குத் தெரியாது. ஒரு செய்தித்தாள் துண்டை கண்டென்சர் முன்னால் பிடித்தால் காற்று இழுத்துப் பிடிக்க வேண்டும். நழுவி விழுந்தால் ஃபேனில் வலு இல்லை.

இன்னொரு எளிய சோதனை: ஏசி முழுதாக ஓடும்போது கண்டென்சர் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஐட்லிங் உடனே நிமிர்ந்து, இன்ஜின் சத்தம் இலகுவானால் கண்டென்சர் வெப்பத்தை விடவில்லை என்பது உறுதி. ஃபேன், துடுப்புகளில் அடைந்த தூசி, இல்லாவிட்டால் அதிகக் கேஸ். தூசிக்குப் பிரஷர் வாஷரை நெருக்கமாகப் பிடித்து அடிக்காதீர்கள். அலுமினியத் துடுப்பு மடங்கினால் முன்னைவிட மோசம்.

அதிகக் கேஸ் என்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். ‘கொஞ்சம் டாப்-அப்’ என்று பிரஷர் கேஜைப் பார்த்து ஏற்றுவதால் வரும் வினை. சிறிய காரில் மொத்தமே 350 முதல் 500 கிராம்தான் பிடிக்கும். சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதில் 100 கிராம் கூடினாலே ஹை சைடு (கேஸைத் தள்ளும் பக்கம்) பிரஷரில் தெரியும். வெளியில் 35 டிகிரி, 1500 ஆர்பிஎம் என்ற நிலையில் லோ சைடு 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 200 முதல் 250 பிஎஸ்ஐ வந்தால் நிம்மதி. ஹை சைடு 350ஐத் தாண்டினால் எந்தச் சின்ன இன்ஜினும் ஐட்லிங்கில் முனகும்.

வண்டி நாலைந்து மணி நேரம் நிழலில் நின்ற பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் கேஜ் மாட்டிப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. சுத்தமான ஆர்134ஏ 25 டிகிரியில் சுமார் 82, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114 பிஎஸ்ஐ காட்டும். இதைவிடப் பத்துப் பதினைந்து பிஎஸ்ஐ அதிகம் என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, இல்லை கலப்படக் கேஸ். வேக்கம் போடாமல், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்காமல், ஏற்றினால் காற்று இருக்கத்தான் செய்யும். அளவு கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. உள்ளே துளி திரவம் இருக்கும்வரை பிரஷர் ஒன்றுதான். மொத்தக் கேஸையும் எடுத்து, குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட்டு, எடை பார்த்து ஏற்றுவது ஒன்றுதான் சரியான வழி. கேஜை மட்டும் பார்த்து ‘போதும்’ என்று சொல்லும் கடையைவிடத் தராசு வைத்திருக்கும் கடைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஒற்றை ஒயர் சோதனை

இந்தப் புகாரில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கம்ப்ரஸர் கிளட்ச்சுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள்; பெரும்பாலும் ஒற்றை ஒயர்தான். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஏசி பட்டனை அழுத்துங்கள். கம்ப்ரஸர் ஓடாது. ஆனால் அது இசியுவுக்குத் தெரியாது. சுமை வரப்போகிறது என்று நம்பிக் காற்றைத் திறக்கும்.

ஐட்லிங் நூறு நூற்றைம்பது ஏறினால், அல்லது ஒரு கணமாவது துள்ளி அடங்கினால், பட்டன் முதல் இசியு வரை, அங்கிருந்து த்ராட்டில் வரை எல்லாம் உயிரோடு இருக்கிறது. அப்படியும் கனெக்டர் மாட்டினதும் வண்டி அமுங்குகிறது என்றால் கம்ப்ரஸர் பக்கம் சுமை அதிகம். இன்ஜினை அணைத்து கிளட்ச் முன்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீரான, லேசான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். பிடித்துப் பிடித்து வந்தால் உள்ளே பழுது. காற்றாடிபோல் இறுக்கமே இல்லாமல் சுற்றினாலும் பழுதுதான், ஆனால் அது ஐட்லிங்கை அமுக்காது, குளிரைத்தான் கெடுக்கும்.

கனெக்டர் இல்லாமல் அழுத்தியும் ஐட்லிங்கில் சலனமே இல்லை என்றால் இசியுவுக்குச் செய்தி போகவில்லை, அல்லது போயும் த்ராட்டிலால் செய்ய முடியவில்லை. ஃபேன் ஓடுகிறதா, ரிலேயில் ‘டிக்’ கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் செய்தி போயிருக்கிறது. த்ராட்டில் பக்கம் போங்கள். சில பழைய டொயோட்டாக்களில் கம்ப்ரஸர் சுற்றுகிறதா என்று பார்க்கும் சென்சார் உண்டு. அதில் இந்தச் சோதனை செய்தால் ஏசி விளக்கு மினுக்கும், பயப்பட வேண்டாம்.

வெளியில் கூடுதலாக மாட்டிய ஏசி கிட், யாரோ ஒயரை வெட்டி நேரடியாக ரிலே போட்ட வண்டி, இவற்றில் இசியுவுக்குத் தெரியாமலே கிளட்ச் ஒட்டும். ஒவ்வொரு தடவையும் ஆர்பிஎம் ‘தடால்’ என்று விழுந்து எழும். இதற்கு எத்தனை தடவை த்ராட்டில் கழுவினாலும் பயனில்லை. ஒயரிங்கைத்தான் திருத்த வேண்டும்.

ஸ்கேனரில் என்ன பார்ப்பது

மலிவான ப்ளூடூத் ஓபிடி கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். பிழைக் குறியீடு (கோடு) பி0506 என்றால் ஐட்லிங் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பி0507 அதிகம், பி0532, பி0533 இரண்டும் கேஸ் பிரஷர் சென்சார், பி0645 ஏசி கிளட்ச் ரிலே. கோடு ஒன்றும் இல்லாவிட்டாலும் லைவ் டேட்டா பேசும். மேப் சென்சார் (இன்டேக் குழாயில் காற்றின் பிரஷரை அளப்பது) வைத்த இன்ஜின் சூடாகி, ஏசி இல்லாமல் நிற்கும்போது இன்டேக் பிரஷர் சுமார் 28 முதல் 35 கிலோபாஸ்கல்; ஏசி போட்டால் 35 முதல் 45. அதைவிட மிக அதிகம் என்றால் சுமை அதிகம், அல்லது இன்ஜின் தன் வேலையையே சரியாகச் செய்யவில்லை.

வேக்கம் லீக், அதாவது த்ராட்டிலைத் தாண்டி வேறு வழியில் இன்ஜினுக்குள் காற்று புகுவது, பற்றி ஒன்று. காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் லீக் இருந்தால் ஐட்லிங்கில் ஃப்யூயல் ட்ரிம் (இசியு பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) பத்து சதவீதத்துக்கு மேல் கூடி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கும். மேப் சென்சார் வண்டியில் அப்படி எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். உள்ளே வரும் காற்று எதுவானாலும் மேப் அதைப் பிரஷராகக் காட்டிவிடும், இசியு அதற்கேற்ப பெட்ரோல் கொடுக்கும், ட்ரிம் பெரிதாக அசையாது. ஐட்லிங் மட்டும் உயர்ந்து நிற்கும். ஏசி போட்டால் சரியாக இருக்கிறது, அணைத்தால் 1100க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது என்ற வண்டியில் இதை நினைத்துப் பாருங்கள்.

த்ராட்டில் பட்டாம்பூச்சித் தகட்டின் விளிம்பில் கருவளையம் போல் கார்பன் படிந்திருந்தால் கழுவ வேண்டியதுதான். எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் இக்னிஷன் ஆஃபில், கனெக்டரைக் கழற்றி, த்ராட்டில் கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளும் ஸ்க்ரூடிரைவரும் அருகில் வரக்கூடாது. சிலவற்றில் விளிம்பில் ஒரு பூச்சு இருக்கும், சுரண்டினால் போச்சு. கழுவியதும் ஐட்லிங் 1200, 1500 என்று நின்றால் பதறாதீர்கள். அடைப்பு இருந்த காலத்தில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதை இசியு இன்னும் வைத்திருக்கிறது. ஸ்கேனரில் ஐட்லிங் லேர்னிங் இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் இன்ஜினைச் சூடாக்கி, ஃபேன் ஓடி நின்றபின் எந்தச் சுமையும் இல்லாமல் பத்து நிமிடம், பிறகு ஏசியோடு ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். முறை வண்டிக்கு வண்டி வேறு. சர்வீஸ் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. பேட்டரி கழற்றி மாட்டிய மறுநாள் ஏசியோடு வண்டி ஆஃப் ஆவது இதன் மறுபக்கம்: கற்றுக்கொண்டதை இசியு மறந்திருக்கும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: ஐட்லிங்கில் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட், ஏசி, ப்ளோயர், லைட் எல்லாம் போட்டாலும் 13க்குக் கீழே போகக்கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. வந்தால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. கிளட்ச் காயில் 3 முதல் 5 ஓம். ஏசி போடும்போது சும்மா இருந்து, அணைக்கும் கணத்தில் மட்டும் இன்ஜின் இடறினால் கிளட்ச் சர்க்யூட்டில் இருக்கும் டையோடைச் சந்தேகப்படுங்கள். அது போய்விட்டால் காயில் விடும் மின்னதிர்ச்சி நேராக ஒயரிங்கில் பாயும்.

முள் அசையாமல் வண்டி மட்டும் நடுங்கினால் ஐட்லிங்கைத் தொடவே வேண்டாம். இன்ஜின் மவுண்டிங். ஏசி சுமையில் இன்ஜின் அழுத்தமாக வெடிக்கும்போது, கிழிந்த ரப்பர் அதை அப்படியே பாடிக்குக் கடத்தும்.

கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர், பழைய வேக்கம்

சில ஐரோப்பிய கார்களில் கம்ப்ரஸர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் கன்ட்ரோல் வால்வுதான் எவ்வளவு கேஸ் தள்ளுவது என்று தீர்மானிக்கும். ‘டக்’ சத்தத்தைத் தேடாதீர்கள். அந்த வால்வு சிக்கிக்கொண்டால் ஏசி ஆஃபில் இருக்கும்போதே சுமை இருக்கும். கேஜில்தான் தெரியும்: ஏசி அணைத்து இன்ஜின் ஓடும்போதும் இரு பக்கப் பிரஷரும் விலகியே நிற்கும்.

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஏசி வண்டிகளில் இசியு கிடையாது. ஏசி போட்டதும் ஒரு சோலனாய்டு வால்வு வேக்கத்தைத் திறந்துவிடும். கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) அந்த வேக்கத்தால் இழுபட்டு த்ராட்டிலைக் கொஞ்சம் தூக்கும். டயஃப்ரம் கிழிந்திருந்தால் தூக்கவும் தூக்காது, காற்றையும் கசியவிடும். ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். பிடித்து நிற்க வேண்டும். இந்தக் கோளாறுக்கு ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றி வைப்பது பழைய பழக்கம். ஏசி இல்லாதபோது வண்டி அலறும், பெட்ரோலும் வீண்.

காற்றின் திசையை மாற்றும் கதவுகளையே வேக்கத்தில் இயக்கும் வண்டிகளும் உண்டு. ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்ளர் டிஜே எல்லாம் இந்த வகை. இவற்றில் ஏசியே இல்லாமல், முகம், கால், கண்ணாடி என்று குமிழைத் திருப்பினாலே ஐட்லிங் மாறினால் அந்தக் குறிப்பிட்ட நிலையின் குழாயில் லீக். எந்த நிலையில் வைத்தாலும் காற்று கண்ணாடிக்கே போனால் மொத்த வேக்கமும் போய்விட்டது. வேக்கம் இல்லாதபோது கண்ணாடிக்குப் போகும்படிதான் கதவுகளை வைத்திருக்கிறார்கள். இன்டேக்கிலிருந்து உள்ளே போகும் சிறு குழாயை மூக்கு பிளையரில் துணி சுற்றி நசுக்கிப் பிடியுங்கள். ஐட்லிங் நிலைத்தால் லீக் அந்தக் குழாய்க்குப் பின்னால்தான். ராங்ளரில் பேட்டரித் தட்டுப் பக்கம் போகும் இடத்திலும், எக்ஸ்ஜேயில் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் வேக்கம் உருண்டைக்குப் போகும் இடத்திலும் முதலில் தேடுங்கள். கையால் இயக்கும் வேக்கம் பம்ப் இருந்தால் ஒவ்வொரு கிளையிலும் 15 அங்குலம் (பாதரச அளவு) வேக்கம் ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள். முள் இறங்கும் கிளையில்தான் ஓட்டை.